நண்பர்கள் இறங்கும் மலைப்பாதையில் என் டிரக்கும் இறங்கலாமா?

கேள்வி: அண்ணா, டென்வர் பக்கம் அரோராவில் இருக்கிறேன். வயது 36. போன குளிர்காலத்தில் 2019 மாடல் டொயோட்டா டகோமா பிக்அப் டிரக் ஒன்று வாங்கினேன். டிஆர்டி ஆஃப்-ரோடு என்ற ரகம், நாலு கதவு, பின்னால் 6 அடி பெட்டி. டயர் கம்பனி போட்டது. அப்பா அம்மா ஏறி இறங்கப் பக்கவாட்டில் படி மாட்டியிருக்கிறேன். ஏரிக்கரை மண் ரோட்டில் ஓட்டியிருக்கிறேன், பனியில் ஓட்டியிருக்கிறேன். இங்கே ஆஃப்-ரோடு அனுபவம் அவ்வளவுதான். ஆனால் ஊரில் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் அப்பாவின் அம்பாசடரில் பலமுறை ஏறி இறங்கியவன். ஜூலை கடைசியில் நண்பர்கள் மூன்று ஜீப் ராங்லர்களில் யூரே என்ற மலையூருக்குப் போகிறார்கள். பிளாக் பேர் பாஸ் என்ற கணவாய் வழியாக டெலுரைடு ஊரில் இறங்குவது திட்டம். "உன் வண்டியில்தான் லாக்கர் இருக்கே, வாடா" என்கிறார்கள் (பின் சக்கரம் இரண்டையும் ஒன்றாகச் சுற்றவைக்கும் பூட்டு). ஒரு செயலியில் அந்தப் பாதைக்கு 'நடுத்தரக் கடினம்' என்று போட்டிருக்கிறது. அந்தச் சமயம் நாமக்கல்லிலிருந்து அப்பா (68), அம்மா வந்திருப்பார்கள். மனைவி, 8 வயது மகள் என மொத்தம் ஐந்து பேர். போகலாமா? கூடாதென்றால் என் வண்டிக்கும் என் கைக்கும் ஏற்ற பாதையை எப்படிப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

பதில்: தம்பி, முதல் கேள்விக்கு ஒரே வரியில் பதில்: உங்கள் டகோமாவை பிளாக் பேருக்கு எடுத்துப் போகாதீர்கள். குடும்பத்தோடு கூடவே கூடாது. தனியாகப் போனாலும் இந்த வருடம் வேண்டாம்.

அந்தப் பாதை யூரேவுக்கும் சில்வர்டனுக்கும் நடுவே, ரெட் மவுண்டன் பாஸில் 550-ஆம் எண் நெடுஞ்சாலையை விட்டுப் பிரிந்து 12,840 அடி வரை ஏறுகிறது. ஏற்றத்தில் உங்கள் டிரக்குக்கு ஒரு சிரமமும் இருக்காது. சிக்கலே அங்குதான். அதுவரை எல்லாம் சுலபமாக நடந்துவிடுவதால், 'இதுக்கா இவ்வளவு பயமுறுத்தினாங்க' என்ற தெம்போடு ஆள் மறுபக்கம் இறங்க ஆரம்பித்துவிடுகிறார். இறக்கத்தில் பாறை படிக்கட்டாக உடைந்து கிடக்கும். வண்டி பள்ளத்துப் பக்கம் சாய்ந்த நிலையில் ஒவ்வொரு படியாகச் சக்கரத்தை இறக்க வேண்டும். அதற்கும் கீழே, 365 அடி பிரைடல் வெயில் அருவியின் தலைமாட்டில் கொண்டை ஊசி வளைவுகள். குட்டை ஜீப்புக்கே அங்கே இடம் தாராளமில்லை. உங்கள் வண்டி ஒரே ஒடிப்பில் வளையாது. முன்னால் போய், நிறுத்தி, ரிவர்ஸ் எடுத்து, மறுபடி ஒடிக்க வேண்டும். மூக்கு விளிம்பைத் தாண்டி நிற்கும். பானெட்டுக்கு அப்பால் ரோடு தெரியாது, டெலுரைடின் கூரைகள்தான் தெரியும். அந்த நிலையில் பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஆக்சிலரேட்டரில் வைப்பதற்குள் வண்டி எத்தனை அங்குலம் உருளும் என்று உங்கள் காலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் காலுக்கு அது இன்னும் தெரியாது. தெரிந்துகொள்ள அந்த இடம் ஏற்றதல்ல. உயிர்கள் போன பாதை அது.

இன்னொன்று: அந்த இறக்கம் ஒருவழிப்பாதை. மேலிருந்து கீழே மட்டும்தான். நடுவில் மனம் மாறினாலும், அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது என்றாலும், வந்த வழியே திரும்ப உங்களுக்கு உரிமையும் கிடையாது, இடமும் கிடையாது.

பாதை தேர்வுக்கு என் அளவுகோல் இதுதான். 'என் வண்டி போகுமா' என்று எல்லோரும் கேட்கிறார்கள். கொலராடோவில் இருக்கும் பாதைகளில் பெரும்பாலானவற்றில் உங்கள் டகோமா எப்படியாவது போய்விடும். பாதி வழியில் பிடிக்கவில்லை என்றால் நான் திரும்பி வர முடியுமா என்று கேளுங்கள். முதல் வருடம் முழுக்க 'முடியும்' என்று பதில் வருகிற பாதைகளை மட்டும் எடுங்கள். இந்த ஒரு கேள்வி வண்டியின் நீளம், உங்கள் ரிவர்ஸ், பின்சீட்டில் உள்ளவர்களின் உடம்பு, வானிலை என எல்லாவற்றையும் தானே உள்ளே இழுத்துக்கொண்டு வரும்.

செயலியில் உள்ள மதிப்பெண்ணை என்ன செய்வது? பாருங்கள், ஆனால் அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். எல்லோருக்கும் பொதுவான அளவுகோல் என்று ஒன்று இங்கே இல்லை. ஒருவர் பத்துக்குப் போடுகிறார், ஒருவர் பச்சை, நீலம், கறுப்பு என்று போடுகிறார். பாதையின் மிக மோசமான ஒரே இடத்தை வைத்து ஒருவர் மதிப்பிடுவார். இன்னொருவர் மொத்தப் பயணத்தையும் சராசரியாக்கிச் சொல்வார். பாறை பெரிதாக இல்லாத, ஆனால் ஒரு பக்கம் ஆயிரம் அடி பள்ளமுள்ள பாதைக்குச் சக்கரக் கணக்கில் 'நடுத்தரம்' என்று விழுந்துவிடும். தவறினால் என்ன நடக்கும் என்பது அந்த எண்ணில் இருக்காது. ஆகவே விளக்கத்தைப் படியுங்கள். ஒருவழி, இறுக்கமான வளைவு, பள்ளத்துப் பக்கச் சாய்வு, மலையோரம் ஒற்றை வண்டிப் பாதை, நீள வண்டிக்கு ஆகாது: இவற்றில் ஏதாவது கண்ணில் பட்டால் எண் எதுவாக இருந்தாலும் நின்று யோசியுங்கள். அடுத்து, கடைசி இரண்டு வாரத்தில் போனவர்கள் எழுதியதைப் பாருங்கள். மலையில் ஒரு கனமழை போதும், நேற்று சமமாக இருந்த இடத்தில் இன்று பாறை உருண்டு கிடக்கும். கடைசியாக, அமெரிக்க வனத்துறை இலவசமாகத் தரும் வாகனப் பயன்பாட்டு வரைபடத்தில் அந்தப் பாதை இருக்கிறதா, உங்கள் வகை வண்டிக்கு எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை அனுமதி என்று சரிபாருங்கள். அதில் இல்லாத தடத்தில் சக்கரம் படக்கூடாது, அபராதம் உண்டு. மரம் வளராத அந்த உயரத்தில் ஒரு டயர் தடம் புல்லிலிருந்து மறையப் பல பத்தாண்டுகள் ஆகும்.

இனி உங்கள் வண்டி. நல்ல வண்டி. ஆனால் நீளம். நாலு கதவு, 6 அடி பெட்டி டகோமாவில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி 140.6 அங்குலம். 5 அடி பெட்டி வைத்ததில் 127.4. நாலு கதவு ராங்லரில் 118.4. இரண்டு கதவு ராங்லரில் 96.8 மட்டுமே. அதாவது அந்தக் குட்டை ஜீப்பைவிட உங்கள் சக்கர இடைவெளி மூன்றரை அடிக்கும் மேல் கூடுதல். இதில் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. பெட்டி நீண்டதால் கூடிய 13 அங்குலமும் இரண்டு சக்கரங்களுக்கு நடுவேதான் போயிருக்கிறது. பின் சக்கரத்துக்குப் பின்னால் தொங்கும் வால் அதே அளவுதான். அதனால் பள்ளத்திலிருந்து மேட்டில் ஏறும்போது பின் பம்பர் இடிப்பது உங்களுக்கு 5 அடி பெட்டிக்காரரைவிட மோசமாக இருக்காது. ஆனால் பாறை மேட்டைத் தாண்டும்போது முன் சக்கரம் அந்தப் பக்கம் இறங்கிய பிறகு நடுவயிறு தட்டும். வளைவில் பின் சக்கரம் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். முன் சக்கரம் சரியாகப் போய்விட்டதே என்று நிம்மதியாக இருக்கும்போது, பின் சக்கரம் உள்பக்கப் பாறையில் ஏறியிருக்கும்.

அந்த நடுவயிற்றுக்குப் பக்கத்தில்தான் நீங்கள் படி மாட்டியிருக்கிறீர்கள். அது ஏறும் படி. வண்டி எடையைத் தாங்குவதற்கான கம்பி அல்ல. பாறையில் உட்கார்ந்தால் மடங்கி மேலே வந்து கதவின் கீழ் விளிம்பை நசுக்கும், கதவு திறக்காது. யூரே போகுமுன் கழற்றிவிடுங்கள். அம்மாவுக்கு ஏற ஒரு மடக்கு ஸ்டூல் போதும்.

லாக்கர் விஷயத்துக்கு வருவோம். டிஆர்டி ஆஃப்-ரோடில் பின் அச்சில் லாக்கர் இருக்கிறது, ஃபோர்-லோவில், அதாவது நாலு சக்கரமும் மெதுவாக, வலுவாக இழுக்கும் கியர் நிலையில், மட்டும் வேலை செய்யும். ஒரு பின் சக்கரம் அந்தரத்தில் தூக்கி நின்றாலும் மற்றது இழுத்துக்கொண்டு போகும். மேடு பள்ளமான ஏற்றத்தில் அருமையான சாமான். ஆனால் லாக்கரைப் போட்டால் இரண்டு பின் சக்கரமும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் வண்டி நேராகப் போகத்தான் பார்க்கும். இறுக்கமான கொண்டை ஊசியில் அது உங்களுக்கு எதிரி. நண்பர்கள் 'லாக்கர் இருக்கே' என்று சொல்வது பாறைக்குச் சரி, பிளாக் பேரின் வளைவுக்குச் சரியில்லை.

டயரின் பக்கச்சுவரைப் பாருங்கள். அளவுக்கு முன்னால் 'பி' என்று இருந்தால் அது பயணிகள் கார் வகை. அடிப்பகுதி பரவாயில்லை, பக்கச்சுவர் மெல்லிசு. யூரே பக்கம் பழைய சுரங்கங்களுக்குப் போட்ட பாதைகள் எல்லாம் உடைத்த கல். கூரான விளிம்பு பக்கச்சுவரைக் கிழித்தால் பங்க்சர் பிளக் நிற்காது. 'எல்.டி.' (இலகு டிரக்) வகை ஆல்-டெரெய்ன் டயராக மாற்றுங்கள். கடைக்காரர் அதிகச் சுமை தாங்கும் 'ஈ' தரத்தைத் தலையில் கட்டப் பார்ப்பார். உங்கள் எடை வண்டிக்கு 'சி' போதும் என்பது என் கருத்து. 'ஈ' தேவையில்லாத கனம், கல்லில் குதிக்கும், பெட்ரோலும் குடிக்கும். ஸ்டெப்னியை மறக்காதீர்கள். அது பெட்டிக்கு அடியில் தொங்குகிறது, அதில் காற்று இருக்கிறதா என்று பழைய வண்டி வாங்கிய யாரும் பார்ப்பதில்லை. அதைத் தாங்கி நிற்கும் சங்கிலி இறங்குகிறதா என்றும் வீட்டு வாசலிலேயே ஒருமுறை இறக்கிப் பாருங்கள். இங்கே ரோட்டில் தெளிக்கும் உப்பில் அது துருப்பிடித்து இறுகிப் போயிருப்பது சகஜம்.

சுமையும் ஒரு கணக்கு. ஓட்டுநர் கதவைத் திறந்தால் நிலையில் ஒரு ஸ்டிக்கர்: ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் கூடாது என்று. உங்கள் மாடலில் அது ஆயிரம் பவுண்டை ஒட்டித்தான் இருக்கும். ஐந்து பேர், ஐஸ் பெட்டி, அம்மா கட்டித் தரும் புளியோதரை, டூல், தண்ணீர் என்று ஏற்றினால் அது நிறைந்துவிடும். பின் ஸ்பிரிங் அமுங்கினால் தரைக்கும் வண்டிக்கும் உள்ள இடைவெளி குறையும், பிரேக்குக்கு வேலை கூடும். ஐந்து பேரோடு போகும் பாதை, நீங்கள் ஒருவராகப் போகும் பாதையைவிட எப்போதும் ஒரு படி எளிதாக இருக்கட்டும்.

உயரமும் என்ஜினைத் தின்னும். டர்போ இல்லாத என்ஜின், ஆயிரம் அடிக்குச் சுமார் 3 சதவீதம் வலுவிழக்கும். 12,000 அடியில் உங்கள் வி6, கடல் மட்டத்தில் தருவதில் மூன்றில் ஒரு பங்கை இழந்திருக்கும். ஆக்சிலரேட்டரை மிதித்து ஈடு கட்டாதீர்கள், ஃபோர்-லோ போடுங்கள். ஏறுவதற்கு மட்டுமல்ல, இறங்குவதற்கும். ஃபோர்-லோவில் முதல் கியரில் விட்டால் வண்டி நடை வேகத்தில் தானே இறங்கும். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கி, பாதி வழியில் கருகின வாசனை வந்து, பெடல் பஞ்சு போல ஆனபிறகு நிற்பவர்களை ஒவ்வொரு கோடையிலும் பார்க்கிறேன்.

கொல்லிமலை அனுபவத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஏறுகிற வண்டிக்கு வழி விட வேண்டும், ஏறின கியரிலேயே இறங்க வேண்டும், வளைவுக்கு முன்னாலேயே எதிர்வண்டியை எதிர்பார்க்க வேண்டும் என்பதெல்லாம் உங்கள் ரத்தத்தில் ஊறியிருக்கும். இங்கே பிறந்து வளர்ந்த பலருக்கு அது கிடையாது. ஆனால் அங்கே கீழே தார் இருந்தது. நாலு சக்கரமும் எப்போதும் தரையில் இருந்தன. முக்கியமாக, நீங்கள் வலது பக்கம் உட்கார்ந்திருந்தீர்கள். இங்கே இடது பக்கம். உங்கள் கண்ணுக்குத் தெரியாத சக்கரம் இப்போது வலது முன் சக்கரம். மலையோரப் பாதையில் பள்ளம் வலப்பக்கம் இருக்கும்போது, விளிம்புக்கும் அந்தச் சக்கரத்துக்கும் எவ்வளவு இடைவெளி என்பதை உங்கள் மூளை பழைய கணக்கில்தான் போடும்.

இதற்கு மலைக்குப் போக வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலி பார்க்கிங்கில் ஒரு பலகைத் துண்டைப் போடுங்கள், இரண்டங்குலம் கனம் இருந்தால் போதும். கீழே இறங்கிப் பார்க்காமல் வலது முன் சக்கரத்தை அதன்மேல் ஏற்றி, உச்சியிலேயே நிறுத்துங்கள். உருண்டு இறங்கிவிட்டால் மறுபடி. அடுத்து வலது பின் சக்கரம். அடுத்து ரிவர்ஸில். இதில் இடது கால், வலது கால் என்று இரண்டையும் பயன்படுத்தலாம்: இடது கால் பிரேக்கை லேசாகப் பிடித்திருக்க, வலது கால் மெதுவாகக் கொடுக்கிறது. தார் ரோட்டில் இது கெட்ட பழக்கம், பாறையில் இதுதான் பழக்கம். பிறகு ஒரு கோடு போட்டு, கண்ணாடிகளை மட்டும் பார்த்து இருநூறு அடி பின்னால் வாருங்கள். மலையில் எதிர்வண்டி வந்தால் பெரும்பாலும் செய்ய வேண்டியிருப்பது இதுதான். ஏறுகிறவருக்கே முன்னுரிமை என்பது விதி என்றாலும், ஒதுங்குமிடம் யாருக்குப் பக்கத்தில் இருக்கிறதோ அவர்தான் பின்வாங்குவார்.

மனைவியைக் கீழே நிறுத்திக் கை காட்டச் சொல்லிப் பழகுங்கள். கை காட்டுபவர் ஒரே ஆள். அவர் கண்ணில் படவில்லை என்றால் வண்டி நிற்க வேண்டும். பின்சீட்டிலிருந்து அப்பா "லெப்ட்ல ஒடி, லெப்ட்ல ஒடி" என்பார். 68 வயதில் அவரை மாற்ற முடியாது, காதில் வாங்காமல் இருக்க நீங்கள்தான் பழக வேண்டும்.

பெற்றோர் விஷயத்தில் பாதையைவிட உயரம்தான் எனக்குக் கவலை. நாமக்கல்லிலிருந்து வந்து சில நாளில் 12,000 அடி என்பது சாதாரணமில்லை. டென்வரில் ஒரு வாரமாவது இருக்கட்டும், பிறகு யூரேவில் தங்குங்கள். அது 7,792 அடி. சில்வர்டன் 9,318 அடி, அங்கே இரவு தூக்கம் கெடும். தலைவலி, குமட்டல், வழக்கமில்லாத களைப்பு வந்தால் அன்றைக்கு மேலே போகாமல் கீழே இறங்குங்கள். ரத்த அழுத்தமோ இதய மருந்தோ எடுப்பவர்கள் என்றால் ஊரிலேயே டாக்டரைக் கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.

இப்போது பாதைகள். ஜூன் மாதத்திலேயே டென்வர் பக்கம் ஆரம்பியுங்கள். செடாலியா பக்கமிருந்து தெற்கே போகும் ராம்பார்ட் ரேஞ்ச் ரோடு சரளை ரோடு. வண்டி அங்கே ஒரு வேலையும் செய்யாது, அதனால்தான் அது முதல் பாடம். டயரில் காற்றைக் குறைத்து ஓட்டினால் எப்படி இருக்கிறது, ஃபோர்-லோவில் எப்படி இறங்குகிறது என்று பதற்றமில்லாமல் பார்க்கலாம். போல்டருக்கு மேற்கே ஸ்விட்சர்லாந்து டிரெயில் பழைய ரயில் தடத்தில் போகிறது. ரயில் ஏறின வழி என்பதால் செங்குத்தே இல்லை, ஆனால் ஓரங்கள் குறுகல். எதிர்வண்டிக்கு ஒதுங்கப் பழக நல்ல இடம். பனி உருகியதும் ஜெஃபர்சன் பக்கமிருந்து ஜார்ஜியா பாஸ், 11,585 அடி. உச்சிவரை போய், பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்புங்கள். வடக்குப் பக்கம் இறங்கினால் கரடுமுரடு கூடிவிடும்.

யூரேவில் முதல் நாள் யாங்கி பாய் பேசின், கீழ்ப்பாதி மட்டும். கேம்ப் பேர்ட் சுரங்கம் வழியாக ஏறும் ரோட்டில் ஓரிடத்தில் பாறை தலைக்கு மேல் கூரை போல நீண்டிருக்கும், மகளுக்குப் பிடிக்கும். ஜூலை கடைசியில் மேலே காட்டுப்பூ விரிந்து கிடக்கும். கழிப்பறை இருக்கும் இடத்துக்கு மேலே பாறை பெருக ஆரம்பிக்கும்போது நிறுத்திவிட்டு, சப்பாத்தியைப் பிரித்து உட்காருங்கள். அம்மா அப்பாவுக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படாது.

இரண்டாம் நாளுக்கு ஆல்பைன் லூப். இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். லேக் சிட்டி, சில்வர்டன், யூரே மூன்றையும் இணைத்து, எஞ்சினியர் பாஸ், சின்னமன் பாஸ் இரண்டையும் தாண்டும் சுமார் 65 மைல் சுற்றுப்பாதை அது. சுற்றுலாக் கையேடுகளில் எல்லாம் ஒரே பெயர், ஒரே நிறக் கோடு. ஆனால் எந்த வாசல் வழியாக நுழைகிறீர்கள் என்பதில்தான் எல்லாம். யூரேவுக்குத் தெற்கே 550-லிருந்து மினரல் க்ரீக் வழியாக ஏறினால், மொத்தச் சுற்றிலும் மோசமான மைல்கள் எடுத்த எடுப்பிலேயே வரும். பாறைத் திண்டுகள், குறுகல், எதிரே வரிசையாக வண்டிகள். யூரேவில் தங்குபவர்கள் பக்கத்தில் இருக்கிறதே என்று அங்கேதான் நுழைகிறார்கள். உங்கள் நீள வயிறு அங்கே தட்டிக்கொண்டே போகும். அதை விட்டுவிட்டு சில்வர்டன் வரை தாரில் போய், அங்கிருந்து 12 மைல் மண் ரோட்டில் அனிமஸ் ஃபோர்க்ஸ் போங்கள். 1870-களில் உருவாகி, சுரங்கம் ஓய்ந்ததும் காலியான ஊர். மர வீடுகள் அப்படியே நிற்கின்றன, உள்ளே நுழைந்து பார்க்கலாம். அங்கிருந்து சின்னமன் பாஸ் உச்சி சுமார் 12,640 அடி. ஏற்றம் சுருக்கமாகவும் செங்குத்தாகவும் இருக்கும், ஆனால் ஃபோர்-லோவில் போட்டுவிட்டால் அமைதியாக ஏறும். உச்சியில் திரும்ப இடமுண்டு. ஒரே நாளில் முழுச் சுற்றையும் முடிக்கும் ஆசை வேண்டாம்.

ஓஃபிர் பாஸ், 11,789 அடி, இதே கணக்குதான். 550 பக்கமிருந்து ஏறுவது சுலபம். மேற்குப் பக்கம் இறங்குவது சரிந்த கற்குவியலுக்கு நடுவே வெட்டிய ஒற்றை வண்டிப் பாதை; எதிர்வண்டி வந்தால் ரிவர்ஸ்தான். இருநூறு அடி பின்னால் வரும் பயிற்சி கைக்கு வந்திருந்தால், குடும்பமில்லாத ஒரு நாள் காலையில் சீக்கிரம் போங்கள். இமோஜீன் பாஸை, 13,114 அடி, அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். வண்டி போகும், ஆனால் நெரிசல், குறுகலான மலையோரம், இறங்குமுகமாக ரிவர்ஸ் எடுக்கும் நிலை எல்லாம் சேர்ந்து வரும்.

அந்தப் பக்கம் மணலும் ஒரு பாடம். கிரேட் சாண்ட் டியூன்ஸ் தேசியப் பூங்கா வழியாகப் போகும் மெடானோ பாஸ் பாதையில் பாறைப் பயமே இல்லை, ஆனால் காற்றை இறக்காமல் போனால் கொஞ்ச தூரத்தில் புதைந்துவிடுவீர்கள். ஓடையையும் பலமுறை கடக்க வேண்டும். செப்டம்பரில் தண்ணீர் குறைந்த பிறகு இன்னொரு வண்டியோடு போங்கள்.

ஜூலை, ஆகஸ்டில் அந்த மலைகளில் பிற்பகலில் இடி மழை வழக்கம். மதியத்துக்குள் உச்சியை விட்டு இறங்கிவிடுங்கள். அங்கே செல்போன் எடுக்காது. செயற்கைக்கோள் வழியாக உதவி கேட்கும் கருவியோ, அந்த வசதியுள்ள போனோ ஒன்றாவது வேண்டும். இழுப்புக் கயிறு வைத்திருங்கள், ஆனால் டிரெய்லர் பந்தில் ஒருபோதும் மாட்டாதீர்கள். இழுவையில் அது முறிந்தால் குண்டு போலப் பறக்கும், ஆட்கள் இறந்திருக்கிறார்கள். உங்கள் காப்பீட்டில் உள்ள சாலையோர உதவி மண் பாதைக்கு வருமா என்று ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் வராது. தனியார் மீட்பு வண்டியை மலைக்கு அழைத்தால் பில் ஆயிரக்கணக்கில் போகும்.

நண்பர்கள் பிளாக் பேர் இறங்கும் நாளுக்கு ஒரு யோசனை. மூன்று ராங்லரில் ஒரு முன்சீட் காலியாக இருக்குமல்லவா? அதில் ஏறிக்கொள்ளுங்கள். அந்தப் படிக்கட்டில் கீழே இறங்கி நின்று கை காட்டுங்கள். எந்தச் சக்கரம் எங்கே விழுகிறது, வளைவில் எத்தனை முறை ரிவர்ஸ் எடுக்கிறார்கள் என்று பக்கத்தில் நின்று பாருங்கள். வளைவின் அகலத்தை உங்கள் டிரக்கின் நீளத்தோடு ஒப்பிட்டு நீங்களே முடிவுக்கு வருவீர்கள். மனைவி டிரக்கில் மற்றவர்களை ஏற்றிக்கொண்டு ரிட்ஜ்வே, பிளாசர்வில் வழியாகத் தாரிலேயே ஒரு மணி நேரத்துக்குச் சற்று கூடுதலில் டெலுரைடு வந்துவிடலாம். அங்கே மவுண்டன் வில்லேஜுக்குப் போகும் கேபிள் கார் இலவசம். மலை உச்சிக் காட்சியை அப்பா அதில் உட்கார்ந்தே பார்த்துவிடுவார். இல்லையென்றால் முந்தைய இரவே டுராங்கோ போய், அவர்களைச் சில்வர்டன் நீராவி ரயிலில் ஏற்றிவிடுங்கள். 1882-இல் போட்ட தடம், நம் ஊட்டி ரயிலுக்கும் மூத்தது.

புது டயரை ஜூன் முதல் வாரத்துக்குள் மாட்டுங்கள். காற்றை 20 பவுண்டுக்கு இறக்கி, மண்ணில் ஓட்டி, தாருக்கு வருமுன் சிறிய கம்ப்ரசரால் மறுபடி ஏற்றுவதை ராம்பார்ட்டிலேயே செய்து பாருங்கள். மலிவு கம்ப்ரசர் வாங்கினால் நாலு டயருக்கும் எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும். திருப்பிக் கொடுக்கப் பில்லை வைத்திருங்கள். யூரேவில் ஜூலையில் அறை கிடைப்பது கஷ்டம். ஐந்து பேருக்குக் கீழ்த்தளத்தில் வேண்டும் என்றால் இந்த வாரமே போட்டுவிடுங்கள்.